முதல் பெடல் ஸ்டீல்: எதைப் பார்த்து வாங்குவது?

பெடல் ஸ்டீல் வாங்குவது பற்றிக் கேள்விகள் குவிந்துவிட்டன. (கால்கள் மேல் படுக்கையாக நிற்கும் கிடார் இது. தந்திமேல் ஒரு உலோக உருளையை நகர்த்தி வாசிக்க வேண்டும், கால் பெடலும் முழங்கால் லீவரும் தந்திகளின் சுருதியை மாற்றும்.) ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். நான் பழுதுபார்ப்பவன் அல்ல, வாசிப்பவன். ஆனால் இந்த வாத்தியத்துக்கு அடியில் டார்ச்சோடு படுத்துக் கிடந்த நேரம் கொஞ்சநஞ்சமல்ல.

கேள்வி: பத்து தந்தி, பன்னிரண்டு தந்தி, ஒரு நெக், இரண்டு நெக்… தலை சுற்றுகிறது. எதில் தொடங்கலாம்?

பத்து தந்தி, ஒரு நெக் (ஒரு தந்தி வரிசை), ஈ9 என்கிற சுருதி அமைப்பு, அதாவது ட்யூனிங். கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். இரண்டு நெக் ஸ்டீலில் இன்னொரு நெக் சி6. ஜாஸ், வெஸ்டர்ன் ஸ்விங் பக்கம் மனம் போகிறவர்களுக்கு அது வேண்டும், ஆனால் இப்போது வேண்டாம். பெட்டியோடு சேர்த்து எடை 30 கிலோவைச் சுற்றி வரும். இரண்டாவது நெக்கைத் தொடாமலே வருடக்கணக்கில் தூக்கிச் சுமந்தவர்கள் நிறையப் பேர்.

இரண்டு ட்யூனிங்குகளின் வேலையையும் ஒரே நெக்கில் அடக்கும் பன்னிரண்டு தந்தி யுனிவர்சல் புத்திசாலித்தனமான யோசனைதான். ஆனால் பாடங்கள் பெரும்பாலும் பத்து தந்தி ஈ9க்கே எழுதப்படுகின்றன. பல யுனிவர்சல்களில் 9ஆவது தந்தியான டி கிடையாது, லீவரை அழுத்தி வரவழைக்க வேண்டும். புதிதாகப் பழகுபவருக்கு அந்தக் கணக்கு எதற்கு?

கேள்வி: மூன்று பெடலும் ஒரே ஒரு முழங்கால் லீவரும் உள்ள பழைய ஸ்டீல் மலிவாக வருகிறது. நான்கு லீவர் அவசியம்தானா அண்ணா?

அவசியம். ஏன் என்று மூன்றாம் ஃப்ரெட்டிலேயே காட்டிவிடலாம்.

பாரை (அந்த உலோக உருளையை) மூன்றாம் ஃப்ரெட் கோட்டுக்கு நேர் மேலே வைத்து 4, 5, 6 தந்திகளை மீட்டினால் ஜி மேஜர். (சாதாரண கிடார்போல ஃப்ரெட்டுக்குச் சற்றுப் பின்னால் அல்ல, கோட்டின் மேலேயே.) மூன்று பெடல்களுக்கும் ஏ, பி, சி என்று பெயர். ஏ, பி பெடல்களைச் சேர்த்து மிதித்தால் 5ஆம் தந்தி ஒரு முழு ஸ்வரமும், 6ஆம் தந்தி அரை ஸ்வரமும் ஏறும், 4 அப்படியே நிற்கும். கை நகரவில்லை, சி மேஜர் வந்துவிட்டது. பெடல் ஸ்டீலின் அந்த 'அழுகை' இங்கேதான் பிறக்கிறது. ஒலிக்கிற கார்டுக்குள்ளேயே ஒரு குரல் நிற்க, மற்றவை வழுக்கி ஏறுகின்றன. 1950களின் நடுவில் பட் ஐசக்ஸ் தந்தி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே பெடலை மிதித்து இதைப் பதிவு செய்த பிறகுதான், மற்ற ஸ்டீல் வாசிப்பவர்கள் தங்கள் கிடாருக்கும் பெடல் தேடி ஓடினார்கள்.

இதுவரை பெடல் மட்டும் போதும். இப்போது லீவர். ஈ தந்திகளை (4, 8) அரை ஸ்வரம் இறக்கும் லீவரை பி பெடலோடு சேர்த்தால், அதே மூன்றாம் ஃப்ரெட்டில் டி செவன்த். ஆக ஜி, சி, டி மூன்றும் ஒரே இடத்தில். ஈ தந்திகளை ஏற்றும் லீவரை ஏ பெடலோடு சேர்த்தால் ஆறாம் ஃப்ரெட்டில் திரும்பவும் ஜி. பத்தாம் ஃப்ரெட்டில் ஏ, பி பெடல்களோடு இன்னொரு ஜி. ஒரே கார்டுக்கு மூன்று வீடு. வாசிப்பு என்பதே அந்த வீடுகளுக்கு இடையில் நடமாடுவதுதான்.

ஒரு லீவர் மட்டும் இருந்தால் இந்த இரண்டில் ஒன்று கண்டிப்பாக இருக்காது. மீதி இரண்டு லீவர்கள் 2, 9, 1 போன்ற தந்திகளுக்கு. கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும், அதைப் பற்றிக் கவலை வேண்டாம். 'பிறகு லீவர் மாட்டிக்கொள்ளலாம்' என்பார்கள். நின்றுபோன மாடல்களுக்கு உதிரிபாகம் தேடிப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

கேள்வி: புதிய ஸ்டூடன்ட் மாடலா, பழைய பெரிய பெயரா?

பெயரைப் பார்க்காதீர்கள். மிதித்து விட்டால் தந்தி பழைய சுருதிக்குத் திரும்புகிறதா, அதைப் பாருங்கள்.

என் கதை இது. முதலில் வாங்கியது ஒரு பழைய ஸ்டீல். பளபளவென்று இருந்தது, விற்றவர் நல்ல மனிதர். எட்டு மாதம் வாசித்தேன், ஒரு பாட்டும் சுருதியில் நிற்கவில்லை. என் காதுதான் மட்டம் என்று முடிவு கட்டி, விற்றுவிடலாம் என்றிருந்தேன். ஒரு நண்பர் வந்து ட்யூனரை மாட்டி ஏ பெடலை மிதித்து விட்டார். 5ஆம் தந்தி பி-க்கு வர வேண்டியது, கொஞ்சம் மேலேயே நின்றுவிட்டது. விரலால் தந்தியை அழுத்தி விட்டதும் 'டக்' என்று இறங்கியது. வலது முனையில் தந்திகள் மாட்டியிருக்கும் சேஞ்சரில் நாஃப்தாவை (அழுக்கைக் கரைக்கும் பெட்ரோலிய திரவம்) சொட்டுச் சொட்டாக விட்டார். தார் மாதிரி கறுப்பாக வழிந்தது. பல வருட எண்ணெய், தூசி, எல்லாம். மறுநாள் என் காது சரியாகிவிட்டது!

ஆகவே நேரில் போய்ப் பாருங்கள், ட்யூனர் கையில் இருக்கட்டும். ஒவ்வொரு தந்தியையும் திறந்த நிலையில் சுருதி சேர்த்து, அதைத் தொடும் ஒவ்வொரு பெடலையும் லீவரையும் பத்து முறை இயக்கித் திரும்பப் பாருங்கள். 4, 8 தந்திகள் ஏறவும் வேண்டும் இறங்கவும் வேண்டும். அங்கே மயிரிழை வித்தியாசம் நல்ல கிடாரிலும் உண்டு, அது பரவாயில்லை. அப்புறம் கவிழ்த்துப் போட்டு அடிப்பக்கம் பாருங்கள்: இழுக்கும் கம்பிகள் வளைந்திருக்கின்றனவா, ஏதாவது கழன்று தொங்குகிறதா. அழுக்கு என்றால் கழுவிவிடலாம். தேய்ந்துபோன இரும்பு என்றால் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

நேரில் பார்க்க வழியில்லை, கூட்டிப் போக ஆளும் இல்லை என்றால், புதிதாக வரும் எளிய மாடல்தான் பத்திரம்.

கேள்வி: எட்டு தந்தி ஃபெண்டர் 400 ஒன்று கிடைக்கிறது. அழகாக இருக்கிறது!

அழகுதான். பெடலிலிருந்து கேபிள் போய் இழுக்கும் பழைய ஏற்பாடு. இரண்டாவதாக வாங்குங்கள்.

கேள்வி: எமன்ஸ் செட்டப், டே செட்டப் என்கிறார்களே?

பெடல்கள் இடமிருந்து வலமாக ஏ-பி-சி என்றால் பட்டி எமன்ஸ் வழி, சி-பி-ஏ என்றால் ஜிம்மி டே வழி. இருவரும் பேர்பெற்ற ஸ்டீல் வாசிப்பவர்கள். சத்தத்தில் வித்தியாசம் இல்லை, கணுக்கால் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதுதான். எமன்ஸ் வழியில் ஸ்டீலும் பாடமும் சுலபமாகக் கிடைக்கும். ஒன்றில் பழகிவிட்டு மாறுவது மட்டும் நரகம்.

கேள்வி: முதலில் லாப் ஸ்டீலில் (மடியில் வைத்து வாசிக்கும், பெடல் இல்லாத ஸ்டீல்) பழகிவிட்டு வரலாமா?

பாரை நேராகப் பிடிப்பது, சுருதியில் நிறுத்துவது, பாருக்குப் பின்னால் தந்தியை அடக்குவது எல்லாம் அங்கேயே வந்துவிடும். ஆனால் இங்கே இடது கால் பெடலில், வலது கால் வால்யூம் பெடலில், இரண்டு முழங்காலும் லீவரில், வலது கையில் மூன்று பிக். இந்த ஒருங்கிணைப்பை லாப் ஸ்டீல் சொல்லித்தராது. காசு சேரும் வரை லாப் ஸ்டீல் வாசியுங்கள், அவ்வளவுதான்.

கேள்வி: கையில் உள்ளதெல்லாம் கிடாருக்கே போய்விடும் போலிருக்கிறது. வேறு என்ன வேண்டும்?

அப்படியானால் ஒரு படி குறைந்த கிடாரைப் பாருங்கள். வால்யூம் பெடல் இல்லாமல் இது பாதி வாத்தியம். தந்தி மங்க மங்கப் பெடலைத் திறந்துகொண்டே போவதால்தான் அந்த நீண்ட ஒலி. ஆம்ப் சிறியதாக இருந்தாலும் உடையாமல் சுத்தமாக ஒலிக்க வேண்டும். ராக் கிடாருக்கு இனிக்கிற கரகரப்பு இங்கே பத்து தந்தியையும் கூழாக்கிவிடும். கட்டைவிரலுக்கு பிளாஸ்டிக் பிக், இரண்டு விரலுக்கு உலோகப் பிக், முக்கால் அங்குலத்துக்குச் சற்று மேல் தடிமனில் எஃகு பார், கை வைக்காத நாற்காலி. நாற்காலி உயரம் சரியில்லாமல் முழங்கால் வலியோடு எழுதியிருந்த இருவருக்கும் இதுவே பதில்.

கேள்வி: மூன்றாம் தந்தி வாரம் ஒருமுறை அறுந்து போகிறது. கிடாரில் கோளாறா?

பெரும்பாலும் இல்லை. 0.011 அங்குலத் தந்தி, ஜி ஷார்ப் வரை இழுத்துக் கட்டி, பி பெடல் அதை ஏ-வுக்கு ஏற்றுகிறது. பாவம், அது என்ன செய்யும்? தனித்தந்தியாக அரை டஜன் வாங்கி வையுங்கள். ஒரே இடத்திலேயே அறுந்தால் மட்டும் சேஞ்சரில் அது உட்காரும் பள்ளத்தைப் பாருங்கள்.

கேள்வி: வாங்கிவிட்டேன், பெட்டியும் வந்துவிட்டது. எப்படிப் பூட்டுவது என்றே தெரியவில்லை!

வாழ்த்துகள். பெட்டியிலிருந்து தூக்கி நிமிர்த்தி வைக்கப் பார்க்காதீர்கள். பெட்டிக்குள்ளேயே கவிழ்ந்த நிலையில் இருக்கட்டும். நான்கு கால்களையும் திருகுங்கள், முன்கால்களுக்கு இடையில் பெடல் பலகையை மாட்டுங்கள், பெடல் கம்பிகளைக் கொக்கியில் கோத்துவிட்டு அப்புறம் நிமிர்த்துங்கள். முதல் தடவை இரண்டு பேர் வேண்டும். கம்பிகள் நீளம் மாறி இருக்கக்கூடும். கழற்றும்போது எது எந்தப் பெடல் என்று ஒரு துண்டு டேப்பில் எழுதி ஒட்டிவிடுங்கள். சுருதி சேர்க்கும்போது முதலில் திறந்த தந்திகள், இடது முனைச் சாவியில். பிறகு ஒவ்வொரு பெடலையும் மிதித்துப் பிடித்தபடியே, வலது முனையில் தெரியும் நைலான் நட்டுகளில். வரிசை மாறினால் முதலிலிருந்து செய்ய வேண்டியிருக்கும்.