மடியில் பிள்ளை, கையில் ஸ்டீயரிங்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பதைத் தொழிலாகக் கொண்ட எனக்கு, பள்ளி விடுமுறை முடிந்ததும் வரும் கடிதங்களில் ஒரு கேள்வி தவறாமல் இருக்கும்: சிறு பிள்ளையை மடியில் வைத்து ஸ்டீயரிங்கைப் பிடிக்க விடலாமா? கேட்பவர்கள் பொறுப்பற்றவர்கள் அல்லர். பிள்ளையின் ஆசையைத் தட்ட மனம் வராதவர்கள். அவற்றுள் சிலவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன். என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நிற்கும் காரில், கீழே சொல்லும் ஏற்பாடுகளோடு, பிள்ளை தாராளமாக விளையாடட்டும், நகரும் காரில், அது ஊர்ந்தாலும் சரி, வேண்டாம்.

கேள்வி: என் மகனுக்கு ஐந்து வயது. ஞாயிற்றுக்கிழமை காலையில், ஆள் நடமாட்டம் இல்லாத எங்கள் நகரின் உள்தெருவில், மடியில் உட்காரவைத்து ஸ்டீயரிங்கைப் பிடிக்க விடுகிறேன். வேகம் பத்து கிலோமீட்டரைத் தாண்டாது. பிரேக், கிளட்ச் எல்லாம் என் காலில்தான். இதில் என்ன ஆபத்து? (ஈரோடு)

பதில்: பிரேக் உங்கள் காலில் இருப்பது உண்மைதான், ஆனால் அந்தக் காலுக்கு வேலை சொல்ல வேண்டிய உங்கள் கவனத்தில் பாதி, பிள்ளையின் கை எங்கே போகிறது என்பதிலேயே இருக்கிறது. பத்து கிலோமீட்டர் வேகத்தில் கார் ஒரு வினாடிக்கு 2.8 மீட்டர் நகர்கிறது. எதையோ கண்டு, புரிந்துகொண்டு, பிரேக்கை மிதிக்க ஒன்றரை வினாடி ஆனால், பிரேக் பிடிக்கத் தொடங்கும் முன்பே நான்கு மீட்டர் கடந்துவிடுகிறது. நம் நாட்டில் வரிச்சலுகைக்காகவே நான்கு மீட்டருக்குள் அடக்கிக் கட்டப்படும் சிறிய கார் ஒன்றின் முழு நீளம் அது.

அந்த வேகத்தில் உங்கள் மகனுக்குப் பெரிய காயம் ஏற்படும் வாய்ப்பு குறைவு என்பதை ஒப்புக்கொள்கிறேன். எனக்குக் கவலை வெளியில் இருப்பவர்களைப் பற்றியது. வாசலில் கோலம் போடக் குனிந்திருக்கும் பெண்ணும், கேட்டுக்கு வெளியே உட்கார்ந்து மண்ணில் விளையாடும் மூன்று வயதுக் குழந்தையும் பானெட்டின் உயரத்துக்குக் கீழே இருப்பவர்கள். சாதாரணமாகவே அவர்களைக் காண்பது கடினம். மடியில் இருக்கும் பிள்ளையின் தலை, உங்கள் பார்வையின் கீழ்ப்பகுதியை மேலும் மறைக்கிறது.

இன்னொன்று, திடுக்கிடும் பிள்ளை பிடியை விடாது, இறுக்கிக்கொள்ளும். அந்தக் காலத்து அம்பாசிடராக இருந்தால் ஐந்து வயதுப் பிள்ளையால் ஸ்டீயரிங்கை அசைக்கவே முடிந்திருக்காது. பெரியவர்களே தோள்பலத்தால் திருப்பிய வண்டி அது. இன்றைய மின்விசை ஸ்டீயரிங்கை ஒரு விரலால் சுழற்றலாம். ஸ்டீயரிங்கைக் கால் சுற்றுத் திருப்பினால் முன்சக்கரங்கள் ஏறத்தாழ 6 பாகை திரும்பும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஒரு வினாடிக்குள் அரை மீட்டருக்குச் சற்று அதிகமாக விலகும், 40 கிலோமீட்டரில் அதே ஒரு வினாடிக்குள் இரண்டரை மீட்டர் விலகும். எதிர்வரிசைக்குள் நுழைய அது போதும்.

பயிற்சிப் பள்ளிக் கார்களில் எங்கள் பக்கமும் பிரேக்கும் கிளட்ச்சும் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டாவது ஸ்டீயரிங் கிடையாது. மாணவர் தவறாகத் திருப்பினால் நாங்கள் பக்கவாட்டிலிருந்து கையை நீட்டிப் பிடித்துத் திருத்துகிறோம். பதினெட்டு வயது நிரம்பியவர், சொன்னதைப் புரிந்துகொள்பவர், தனி இருக்கையில் பெல்ட் அணிந்து உட்கார்ந்திருக்கும்போதே அது எளிய வேலை அன்று. உங்கள் இரு கைகளுக்கும் நடுவில் பிள்ளை அமர்ந்திருக்கையில், அவசரமாக ஒரு முழுச் சுற்றுத் திருப்ப வேண்டி வந்தால் உங்கள் முழங்கைகளுக்கு இடமே இருக்காது. காரை நிறுத்திவைத்து ஒருமுறை செய்து பாருங்கள்.

கேள்வி: மடியில் இருக்கும் குழந்தையையும் சேர்த்து ஒரே சீட் பெல்ட்டைப் போட்டுக்கொண்டால் பாதுகாப்புதானே? ஏர்பேக்கும் இருக்கிறது. (தூத்துக்குடி)

பதில்: இரண்டும் சேர்ந்து குழந்தைக்கு எதிராகத் திரும்பிவிடும். முப்பது கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் எதிலோ மோதிப் பத்தில் ஒரு வினாடியில் நிற்கிறது என்று கொள்வோம். அந்தக் கணத்தில் 15 கிலோ எடையுள்ள குழந்தை 120 கிலோவுக்கு மேல் கனக்கும். குழந்தைக்குப் பின்னால் இருக்கும் 70 கிலோ எடையுள்ள நீங்கள் 600 கிலோவைப் போல முன்னால் வருவீர்கள். முன்பக்கம் பெல்ட், பின்பக்கம் நீங்கள், நடுவில் அதன் வயிறு. ஏர்பேக் விரிவதற்கு எடுத்துக்கொள்ளும் நேரம் ஒரு வினாடியில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு. விரியும் வேகம் அவ்வளவு என்பதால்தான் ஓட்டுபவரின் மார்புக்கும் ஸ்டீயரிங்கின் நடுப்பகுதிக்கும் இடையே குறைந்தது 25 செ.மீ. இடைவெளி வேண்டும் என்கிறார்கள். மடியில் இருக்கும் குழந்தையின் முகம் அந்த இடைவெளிக்குள்தான் இருக்கிறது. குழந்தைக்கு உரிய இடம் பின் இருக்கை, அதற்கென்று உள்ள தனி இருக்கை. பெரியவர்களின் பெல்ட் தோளில் சரியாகப் படியும் உயரம், ஏறத்தாழ 145 செ.மீ., வரும்வரை பூஸ்டர் எனப்படும், பிள்ளையை உயர்த்தி உட்காரவைக்கும் இருக்கை.

கேள்வி: இது சட்டப்படி எந்தக் குற்றம்? எங்கள் குடியிருப்பில் ஒருவர் தினமும் செய்கிறார். கேட்டால் ‘நான்தானே ஓட்டுகிறேன்’ என்கிறார். (சென்னை)

பதில்: அவர் சொல்வதை அப்படியே ஏற்றுக்கொண்டாலும் அவர் தப்ப முடியாது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 125ஆம் பிரிவு, ஓட்டுநரின் கட்டுப்பாட்டுக்கு இடையூறாக எவரையும் உட்காரவோ நிற்கவோ விடக் கூடாது என்கிறது. மடியில் உள்ள குழந்தைக்கு அது நேராகப் பொருந்தும். பதினான்கு வயது நிரம்பாத குழந்தையை பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் ஏற்றிச் செல்வதற்கு, 2019இல் சேர்க்கப்பட்ட 194பி பிரிவின்படி அபராதம் 1,000 ரூபாய். ‘இல்லை, பிள்ளைதான் ஓட்டினான்’ என்று பெருமையாகச் சொன்னால் நிலைமை இன்னும் மோசம்: உரிமமோ உரிய வயதோ இல்லாதவரை ஓட்ட அனுமதித்த உரிமையாளருக்கு 180ஆம் பிரிவின்கீழ் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் உண்டு. அதைக் கைபேசியில் படமெடுத்து ஊருக்கெல்லாம் காட்டுபவர்கள், தங்களுக்கு எதிரான சாட்சியத்தைத் தாங்களே தயாரிக்கிறார்கள் என்பதையும் சொல்லிவைக்கலாம்.

கேள்வி: எங்களுக்குச் சொந்தமான, வேலி போட்ட தென்னந்தோப்பு இருக்கிறது. அங்கே ஓட்டினால் யார் கேட்க முடியும்? (பொள்ளாச்சி)

பதில்: உரிமம், வயது ஆகியவற்றைப் பற்றிய 3, 4ஆம் பிரிவுகள் ‘பொது இடம்’ என்ற சொல்லோடு கட்டுண்டவை, பொதுமக்கள் வந்துபோக உரிமையுள்ள இடத்தையே சட்டம் அப்படி அழைக்கிறது. ஆகவே வேலிக்குள் அந்தப் பிரிவுகள் நேராக எட்டுவதில்லை என்பது சரி. ஆனால் அலட்சியத்தால் மரணம் விளைவிப்பதைப் பற்றிய, இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவுக்கு வேலி கிடையாது. தேங்காய் பொறுக்க வந்தவர் மரத்தடியில் படுத்திருக்கலாம். தோப்பில் இன்னொரு தொல்லை, பாத்திக்கும் வாய்க்காலுக்கும் இடையே சக்கரம் குதிக்கும்போது ஸ்டீயரிங் தானாகவே உதறும். சிறு கையின் கட்டைவிரல் அதில் சிக்கினால் சுளுக்கோடு போகாது. டிராக்டர் மட்கார்டில் பிள்ளையை உட்காரவைத்து உழுவதைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். அது காரைவிட மோசம். தவறி விழுந்தால் விழும் இடம் பின்சக்கரத்தின் பாதை.

கேள்வி: பிள்ளை பிடித்திருந்தபோது மோதிவிட்டால் இன்சூரன்ஸ் கிடைக்குமா? (சேலம்)

பதில்: உங்கள் காரின் சேதத்துக்குக் கிடைக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள், செல்லுபடியாகும் உரிமம் உள்ளவர் ஓட்டியிருக்க வேண்டும் என்பது ஒப்பந்தத்திலேயே இருக்கும். மூன்றாம் நபருக்கு நேர்ந்த இழப்பில், ஓட்டியவருக்கு உரிமம் இல்லாதபோது, நிறுவனம் முதலில் பாதிக்கப்பட்டவருக்குக் கொடுத்துவிட்டுப் பின்னர் அதை உரிமையாளரிடமிருந்து வசூலிக்கும்படி நீதிமன்றங்கள் உத்தரவிடுவது வழக்கம். விபத்து இழப்பீட்டுத் தொகைகள் லட்சக்கணக்கில் வருபவை.

கேள்வி: என் மாமனார் என் கணவரை ஆறு வயதிலேயே ஸ்டீயரிங் பிடிக்க விட்டாராம். ‘எனக்கு என்ன ஆகிவிட்டது?’ என்று கேட்டு, என் கணவர் எங்கள் மகளுக்கும் அதையே செய்கிறார். நான் தடுத்தால் பயந்தாங்கொள்ளி என்கிறார். எப்படிச் சொல்வது? (திருநெல்வேலி)

பதில்: சட்டப் பிரிவுகளை அவரிடம் எடுத்துப் போகாதீர்கள், அவர் வாதத்துக்கு நிற்பது சட்டத்துக்காக அல்ல, தன் அப்பாவுக்காக. அந்த ஆறு வயது நினைவில் அவருக்கு இனிப்பது அப்பாவின் மடியும், தனக்கு மட்டும் கிடைத்த கவனமும், ‘என்னை நம்பி விட்டார்’ என்ற பெருமிதமும் என்று நினைக்கிறேன். என்னையும் ஒரு பெரியப்பா அப்படி வைத்து ஓட்டியிருக்கிறார். சாலை எனக்கு நினைவில் இல்லை, அவர் சட்டையின் மூக்குப்பொடி வாசனைதான் நினைவிருக்கிறது. அன்றைய சாலையில் வண்டிகள் குறைவு, எதிரே வந்த பேருந்து தொலைவிலேயே தெரிந்தது, ஸ்டீயரிங்கில் வெடித்து விரியும் பை இல்லை. உங்கள் கணவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது உண்மை. ஒன்று ஆகியிருந்தால் இந்தக் கேள்வியைக் கேட்க அவர் இருந்திருக்க மாட்டார் என்பதும் உண்மை, ஆனால் அதை அவரிடம் சொல்லாதீர்கள், சண்டையில்தான் முடியும்.

அவர் மகளுக்குக் கொடுக்க விரும்புவது அந்தக் கவனத்தைத்தான் என்றால், அதற்கு ஓடும் ஸ்டீயரிங் தேவையில்லை. வண்டி எடுக்கும் முன் அப்பாவோடு காரைச் சுற்றி வந்து, அடியில் நாயோ பூனையோ படுத்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பை மகளிடம் விடச் சொல்லுங்கள். பின் இருக்கையில் தன் இடத்தில் அமர்ந்தபடி, அடுத்து வரும் சாலைக் குறியீடு எதைச் சொல்கிறது, முன்னால் போகும் ஆட்டோ எந்தப் பக்கம் ஒதுங்கப் போகிறது என்று அவள் ஊகித்துச் சொல்லட்டும். வண்டி ஓட்டுவதில் முக்கால் பங்கு பார்ப்பதுதான். என்னிடம் வரும் பதினெட்டு வயது மாணவர்களில், சிறு வயதில் இப்படிச் சாலையைக் கவனித்து வளர்ந்தவர்களை முதல் நாளிலேயே அடையாளம் கண்டுவிடுவேன். மடியில் ஸ்டீயரிங் பிடித்து வளர்ந்தவர்களையும் கண்டுகொள்வேன்: அவர்கள் பார்வை பானெட்டின் நுனியிலேயே இருக்கும்.

கேள்வி: என் நான்கு வயது மகன் முன் இருக்கையிலிருந்து எட்டி ஸ்டீயரிங்கை இழுக்கிறான். (மதுரை)

பதில்: அவனை உடனே பின் இருக்கைக்கு, குழந்தை இருக்கையின் பெல்ட்டுக்குள் மாற்றுங்கள். வீட்டில் யாராவது அவனை மடியில் வைத்து ஓட்டப் பழக்கியிருக்கிறார்களா என்றும் விசாரியுங்கள். அப்பா தெருவில் பத்து கிலோமீட்டர் வேகத்தில் அனுமதித்ததை, அம்மா நெடுஞ்சாலையில் எண்பதில் போகும்போது மட்டும் ஏன் செய்யக் கூடாது என்பது நான்கு வயதுக்குப் புரியாது.

கேள்வி: போர்ட்டிகோவில் நிறுத்திய காரில் உட்கார்ந்து விளையாட விடலாமா? விளையாடிய பிறகு சில நேரம் சாவியே திரும்புவதில்லை. (தஞ்சாவூர்)

பதில்: விடலாம், நான் பரிந்துரைப்பதும் அதையே. ஆனால் சாவி உங்கள் சட்டைப்பையில் இருக்க வேண்டும். கியரில் நிற்கும் காரில் சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் மோட்டாரே வண்டியை ஒரு குதி குதிக்க வைத்துவிடும். பொத்தானால் இயங்கும் கார் என்றால் ரிமோட் சாவியை வீட்டுக்குள் தள்ளி வையுங்கள். கைபிரேக்கை இழுத்து, முதல் கியரில் நிறுத்தி, போர்ட்டிகோ சரிவாக இருந்தால் சக்கரத்துக்கு ஒரு செங்கல் கொடுங்கள்; பிள்ளைக்கு முதலில் கைக்கு வருவது கைபிரேக்தான். கதவு ஒன்று திறந்தே இருக்கட்டும், நீங்களும் பக்கத்திலேயே இருங்கள். வெயிலில் மூடிய காருக்குள் பத்து நிமிடத்தில் ஏறத்தாழ பத்து டிகிரி வெப்பம் கூடிவிடும். விளையாட்டாக உள்ளே பூட்டிக்கொண்ட குழந்தைகள் இறந்திருக்கிறார்கள்.

சாவி திரும்பாததற்குக் காரணம் பழுது அன்று. சாவி இல்லாத நிலையில் ஸ்டீயரிங்கைத் திருப்பினால் பூட்டு விழுந்துவிடும். ஸ்டீயரிங்கை இரு பக்கமும் மெதுவாக அசைத்துக்கொண்டே சாவியைத் திருப்புங்கள், விட்டுவிடும். இறங்கும்போது முகப்பு விளக்கும் உள்விளக்கும் அணைந்திருக்கின்றனவா என்று பாருங்கள். மறுநாள் காலையில் பேட்டரி இறங்கிக் கிடப்பதற்குப் பாதிக் காரணம் இந்த விளையாட்டுத்தான்.

கேள்வி: மகனுக்குப் பதின்மூன்று வயது, என் உயரம் இருக்கிறான். பெடல் எட்டுகிறது. கிராமத்துச் சாலையில் பழக்கலாமா? (கோயம்புத்தூர்)

பதில்: கூடாது. சிறுவர் வாகனக் குற்றத்துக்கான, மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவில் பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு பன்னிரண்டு மாதத்துக்கு ரத்து. மகனுக்கோ 25 வயது ஆகும்வரை பழகுநர் உரிமம்கூடக் கிடைக்காது. பதினாறு வயதில் சட்டம் அனுமதிப்பது 50 சி.சி.க்கு மேற்படாத இருசக்கர வாகனத்தை மட்டுமே; இன்று கடைகளில் நிற்கும் பெட்ரோல் ஸ்கூட்டர்கள் பெரும்பாலும் 100 சி.சி.க்கு மேற்பட்டவை.

நீங்கள் இருக்கும் ஊர் இந்த விஷயத்தில் கொடுத்துவைத்த ஊர். செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே என்ற பந்தயத் தடம் இருக்கிறது. 2005இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன் உங்கள் ஊர்க்காரர். தலைக்கவசமும் வேலியும் பயிற்றுநரும் உள்ள ஒரு கார்ட்டிங் (சிறு பந்தய வண்டி) தடத்துக்கு அவனை அழைத்துப் போங்கள். தனி வண்டி, தனி பிரேக், தனி ஸ்டீயரிங். தவறு செய்தால் டயர் அடுக்கில் மோதி நிற்பான். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைக்க வேண்டும், பார்க்கும் பக்கம்தான் வண்டி போகும் என்ற இரண்டையும் நான் வகுப்பில் பத்து நாள் சொல்லியும் புரியாதவர்கள் அங்கே அரை மணி நேரத்தில் புரிந்துகொள்கிறார்கள். சற்றுச் செலவு பிடிக்கும்.

கேள்வி: பேட்டரியில் ஓடும் பொம்மைக் கார் வாங்கித் தரலாமா? ஐந்து வயது. (காரைக்குடி)

பதில்: தரலாம். பெற்றோர் கையில் ரிமோட் உள்ளதாக வாங்குங்கள், பெல்ட்டைப் போட்டுப் பழக்குங்கள். தெருவில் வேண்டாம், பின்னால் எடுக்கும் லாரிக்காரருக்கு அது கண்ணில் படாது. உங்கள் ஊர் வீடுகளின் முற்றமும் பட்டாசாலையும் இதற்கென்றே கட்டியதுபோல இருக்கின்றன, படிப்பக்கம் மட்டும் ஒரு பலகையை வைத்து அடைத்துவிடுங்கள்.