பிள்ளை வேண்டாம் என்று எழுதிக்கொடுத்தால் காசு கட்டத் தேவையில்லையா?

தம்பி, மூன்று வயது மகன் அம்மாவோடு இருக்கிறான், “அவனில் எனக்கு எந்த உரிமையும் வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டால் அவன் செலவுக்கு மாதாமாதம் கட்டுகிற காசு நின்றுவிடுமா” என்று கேட்டிருக்கிறீர்கள். ஸ்காபரோவில் வாடகை, கார் இன்சூரன்ஸ் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். அதையெல்லாம் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். நிற்காது.

ஒன்ராறியோவில் அப்படி எளிதாக எழுதிக்கொடுத்துவிட்டுக் கழன்றுபோக வழியில்லை. அந்தக் காசு பிள்ளையின் உரிமை. தாயே “வேண்டாம்” என்று எழுதித் தந்தாலும் நீதிமன்றம் அதற்குக் கட்டுப்படாது. பிள்ளைக்கு ஒழுங்கான ஏற்பாடு இல்லை என்று கண்டால் நீதிபதி விவாகரத்தையே நிறுத்திவைப்பார். வேறொருவர் சட்டப்படி தத்தெடுத்தால் கதை வேறு. அது உங்கள் பேச்சில் இல்லை.

இந்த யோசனையை உங்களுக்கு யார் தந்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். கலியாண வீட்டிலும் பிறந்தநாள் விழாவிலும் கையில் தட்டோடு நின்று சட்டம் சொல்கிற நம்மவர்கள் இன்றைக்கும் குறையவில்லை.

நான் கனடாவுக்கு வந்த புதிதில் மார்க்கம் ரோட்டுப் பக்கம் ஒரு பேஸ்மென்டில் பல பேர் சேர்ந்து இருந்தோம். இரவு முழுக்கப் பெட்டி அடுக்கிவிட்டு வந்து, நனைந்த ஜாக்கெட்டைச் சூட்டுக்குழாயில் தொங்கவிட்டுப் படுப்போம். அங்கே ஒரு அண்ணை இருந்தார். “நான் பிள்ளையைப் பார்க்க வரமாட்டேன், நீ காசு கேட்காதே” என்று மனைவியோடு எழுதிய ஒரு தாளைப் பாஸ்போர்ட்டுக்குள் மடித்து வைத்திருந்தார். இரண்டு சாட்சிக் கையெழுத்தும் அதில் இருந்தது. பிறகு மனைவி நீதிமன்றம் போனார். அந்தத் தாளை நீதிபதி ஒரு பொருட்டாகவே எடுக்கவில்லை. சம்பளச் சிட்டையில் புதிதாக ஒரு கழிவு வந்து விழுந்தது. அண்ணை கோபத்தில் வேலையை விட்டார். பாக்கி ஏறியது, லைசன்ஸ் போனது. பீட்சா கொண்டுபோய்க் கொடுத்துப் பிழைத்தவர், ஜனவரிக் குளிரில் பஸ்ஸுக்கு நின்றார். பின்னாளில் ஊரில் மறுமணம் செய்து அந்தப் பெண்ணை இங்கே கூப்பிட ஸ்பொன்சர் செய்யப் பார்த்தார். நீதிமன்றம் விதித்த காசைப் பாக்கி வைத்திருப்பவர் ஸ்பொன்சர் செய்ய முடியாது. அந்தப் பெண் யாழ்ப்பாணத்தில் காத்துக்கொண்டிருந்தார்.

இந்தக் காசை வசூலித்துக் கொடுக்கிற ஒன்ராறியோ அரசின் குடும்பப் பொறுப்பு அலுவலகம் (Family Responsibility Office) சம்பளத்தில் பாதி வரை பிடிக்கலாம், பாஸ்போர்ட்டை நிறுத்தக் கேட்கலாம். நீதிமன்றம் 180 நாள் வரை சிறையிலும் வைக்கலாம். கையில் காசு வாங்கி வருமானத்தைக் குறைத்துக் காட்டுகிறவர்களை எனக்குக் கண்ணில் காட்டக்கூடாது. பிள்ளையின் சாப்பாட்டில் கைவைக்கிற வேலை அது. உழைக்கக்கூடியவர் உழைக்காவிட்டால், இவ்வளவு உழைப்பார் என்று நீதிபதியே ஒரு தொகை வைத்துக் கணக்குப் போடலாம். பிரிட்டிஷ் கொலம்பியாவில் வருமானத்தைக் குறைத்துச் சொன்ன ஒரு தகப்பனின் வழக்கில், பிள்ளை வளர்ந்து ஆளான பிறகும் பழைய பாக்கியைக் கேட்கலாம் என்று 2020 இல் கனடாவின் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இங்கே தொகை 1997 முதல் அட்டவணைப்படிதான், உங்கள் வருமானத்தையும் பிள்ளைகளின் எண்ணிக்கையையும் பார்த்து. வேலை போனாலோ சம்பளம் குறைந்தாலோ கட்டுவதை நீங்களாக நிறுத்தாதீர்கள். அந்த அலுவலகத்தோடு சண்டை பிடித்தும் பலனில்லை, நீதிமன்றக் கட்டளையை மாற்றும் அதிகாரம் அதற்கு இல்லை, நீதிமன்றத்துக்கு உண்டு. குடும்ப நீதிமன்றத்தில் இலவசத் தகவல் நிலையம் இருக்கிறது. ஆங்கிலம் தட்டுத்தடுமாறிய காலத்திலேயே நான் அங்கே போய் வரிசையில் நின்று கேட்டு, இன்னும் பலரைக் கூட்டிப் போயிருக்கிறேன். சம்பளச் சிட்டைகளையும் வரி மதிப்பீட்டுக் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு போங்கள். காசு கட்டுவதும் பிள்ளையைப் பார்ப்பதும் இங்கே வேறு வேறு விஷயம். ஒன்றைக் கொடுத்து மற்றதை வாங்க முடியாது. மகனோடு இருக்கும் நேரத்தை விட்டுக்கொடுக்காமல் அங்கேயே கேளுங்கள், எந்தப் படிவம் என்று அவர்களே காட்டுவார்கள்.