பெட்டியில் 48 மெகாபிக்சல், உள்ளே 5: கடைக்காரர் திரும்ப வாங்க மறுத்தால் என்ன செய்யலாம்?

கேள்வி (கடிதத்தின் சுருக்கம்): எனக்கு உசிலம்பட்டி பக்கம். வீட்டு விசேஷங்களுக்கு வீடியோ எடுப்பதுதான் பிழைப்பு. சென்ற ஆவணி முதல் வாரத்தில் மதுரை டவுன் ஹால் ரோட்டில் ஒரு கடையில் 18,500 ரூபாய்க்குக் கைக்கு அடக்கமான டிஜிட்டல் கேம்கார்டர் வாங்கினேன். பெட்டியின் முகப்பில் '4கே வீடியோ, 48 மெகாபிக்சல் ஸ்டில், 16எக்ஸ் டிஜிட்டல் ஜூம்' என்று அச்சிட்டிருந்தது. வாங்குவதற்கு முன் கடைக்காரர், "ஸ்டில்லுக்குத் தனியா கேமராவே வேண்டாம்ணே, தாராளமா ஆல்பம் போடலாம்" என்று வாட்ஸ்அப்பில் எழுதினார். அதை நம்பி ஒரு காதணி விழாவுக்குத் தனி போட்டோகிராபர் வைக்காமல் நானே இரண்டையும் எடுத்தேன். வீடியோ பரவாயில்லை. ஸ்டில்லை 12க்கு 18 அங்குல ஆல்பமாக அடித்தபோது முகமெல்லாம் மெழுகு பூசியது போல வந்தது. ஆல்பச் செலவு 7,200 ரூபாய். விழா வீட்டார் பாக்கி 9,000 ரூபாயைத் தரமாட்டோம் என்கிறார்கள். வாங்கிய 24-ஆம் நாளே கடைக்குப் போனேன். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று பில்லைக் காட்டினார்கள். சர்வீஸ் சென்டரில் கேமராவில் பழுதே இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நான் தொழிலுக்கு வாங்கியவனாம், பில்லும் ஸ்டுடியோ பெயரில் இருக்கிறதாம், அதனால் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக முடியாதாம். உண்மையா? பாக்கி வரும்வரை வீடியோவைக் கொடுக்காமல் வைத்திருக்கலாமா?

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். சர்வீஸ் சென்டர் சொன்னது உண்மைதான், கேமராவில் பழுது இல்லை. உங்கள் வழக்கின் பலமே அதில்தான் இருக்கிறது. ஓடுகிற பொருள் பாதியில் நின்றுபோனால் அது வாரண்டி விவகாரம். உங்களுக்கு நடந்தது வேறு. ஒன்றைச் சொல்லி இன்னொன்றை விற்றிருக்கிறார்கள். இந்த வித்தியாசத்தைப் புகாரின் முதல் பத்தியிலேயே சொல்லிவிட வேண்டும். 'கேமரா சரியில்லை' என்று ஆரம்பித்தால், அவர்கள் சர்வீஸ் சென்டர் தாளை நீட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

நீங்கள் அனுப்பிய கையேட்டுப் பக்கத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கடைசிப் பக்கத்தில், எறும்பு எழுத்தில், சென்சார் 5 மெகாபிக்சல் என்றும் 48 வரை 'இன்டர்போலேஷன்' என்றும் இருக்கிறது. அதாவது ஒளியை வாங்கிப் பதிவு செய்கிற புள்ளிகள் 50 லட்சம்தான். மிச்சத்தைக் கேமரா பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்துத் தானே கணக்குப் போட்டு நிரப்பிக்கொள்கிறது. 4 கோடியே 80 லட்சம் புள்ளிகளில் பத்துக்கு ஒன்பது பங்கு கேமராவின் கண்ணில் படாதவை, ஊகத்தில் வந்தவை. கோப்பைத் திறந்து அளவைப் பார்த்தால் 8000க்கு 6000 என்று கம்பீரமாகத்தான் காட்டும். ஆனால் தண்ணீர் ஊற்றிய பால் மாதிரி, அளவு கூடியதே தவிரச் சத்து கூடவில்லை.

ஆல்பம் ஏன் கெட்டது என்பதும் இதே கணக்குதான். ஆல்பம் கூர்மையாக வர அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும் என்பது படம் அச்சடிக்கும் லேப்காரர்களின் வழக்கம். 12க்கு 18 என்றால் 3600க்கு 5400, கிட்டத்தட்ட 1 கோடியே 94 லட்சம் புள்ளிகள். 5 மெகாபிக்சல் சென்சார் தருவது 2592க்கு 1944 அளவு. அதை 18 அங்குலத்துக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 144 புள்ளிதான் நிற்கும். மண்டபத்து மங்கலான வெளிச்சமும் சேர்ந்தால் முகம் மெழுகாகத்தான் வரும். இந்தக் கணக்கைப் புகாரில் அப்படியே எழுதுங்கள். நுகர்வோர் ஆணையத்தில் (நீங்கள் கோர்ட் என்று சொல்வது) இருப்பவர்களுக்குக் கேமரா தெரிந்திருக்க வேண்டியதில்லை, கூட்டல் பெருக்கல் எல்லோருக்கும் தெரியும்.

ஜூம் பற்றியும் நீண்ட பத்தி எழுதியிருக்கிறீர்கள். அதை விட்டுவிடுங்கள். 16 மடங்கு டிஜிட்டல் ஜூம் என்பது படத்தின் நடுவை வெட்டிப் பெரிதாக்குவது. அகலத்தில் பதினாறில் ஒன்று, உயரத்தில் பதினாறில் ஒன்று, ஆக 256-ல் ஒரு பங்கு. உங்கள் சென்சாரில் இருபதாயிரம் புள்ளிகூட மிஞ்சாது. படம் எடுக்க உதவாத வசதிதான், ஆனால் பெட்டியில் 'டிஜிட்டல்' என்ற சொல்லை மறைக்காமல் போட்டிருக்கிறார்கள். பலவீனமான குற்றச்சாட்டைச் சேர்த்தால் எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் முதலில் பிடிப்பார், அப்புறம் நல்ல குற்றச்சாட்டும் அதன் கூடவே அடிபடும்.

இப்போது சட்டம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 நேர்மையற்ற வணிக நடைமுறை எது என்பதைப் பிரிவு 2(47)-ல் சொல்கிறது. பொருள் இன்ன தரம், இன்ன தன்மை என்று பொய்யாகச் சொல்வது அதில் முதலிலேயே வருகிறது. வாயால் சொன்னாலும், எழுத்தில் சொன்னாலும், மின்னணுப் பதிவில் சொன்னாலும் ஒன்றுதான். ஆகவே இந்தக் கேமராவை வெளிநாட்டிலிருந்து தருவித்த இறக்குமதியாளர் பெட்டியில் அச்சிட்டதும் இதில் அடங்கும், கடைக்காரரின் வாட்ஸ்அப் செய்தியும் அடங்கும். கடைக்காரர் 'பெட்டியை அச்சடித்தது நான் இல்லை' என்று நழுவ முடியாமல் போவது அந்தச் செய்தியால்தான். அதை அழிந்துவிடாமல் காப்பாற்றுங்கள். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது, அந்தப் போனையே பத்திரமாக வைத்திருங்கள். 1930-ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டமும் உங்கள் பக்கம் இருக்கிறது. விவரித்து விற்ற பொருள் விவரித்தபடி இருந்தாக வேண்டும் என்கிறது அதன் 15-ஆம் பிரிவு.

கையேட்டில் உண்மையைப் போட்டிருக்கிறோமே என்பார்கள். அந்தக் கையேடு சீல் வைத்த பெட்டிக்குள் இருந்தது. காசு கொடுத்து, சீலைக் கிழித்த பிறகுதான் நீங்கள் படிக்க முடியும். முகப்பில் கொட்டை எழுத்தில் ஒன்று, உள்ளே எறும்பு எழுத்தில் இன்னொன்று என்றால், அது அவர்களுக்கே இந்த உண்மை தெரிந்திருந்தது என்பதற்கு ஆதாரம். என் பார்வையில் உங்கள் கையில் இருக்கும் மிக நல்ல சாட்சி அந்தக் கடைசிப் பக்கம்.

'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்ற வரியைக் கண்டு பயப்படாதீர்கள். அதே 2(47)-ன் கீழ், குறைபாடுள்ள பொருளை (பழுது இல்லாவிட்டாலும், சொன்ன தரம் இல்லாததும் சட்டப்படி குறைபாடுதான்) திரும்ப வாங்கிப் பணத்தைக் கொடுக்க மறுப்பதே நேர்மையற்ற வணிக நடைமுறை. பில்லில் கெடு போட்டிருந்தால் அந்தக் கெடுவுக்குள், கெடு எதுவும் போடவில்லை என்றால் 30 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். நீங்கள் போனது 24-ஆம் நாள். அன்று போனதற்கு என்ன சான்று என்று தேடுங்கள். கடைக்காரருக்கு அன்று செய்த போன், அனுப்பிய செய்தி, பஸ் டிக்கெட் எதுவானாலும் சரி.

தொழிலுக்கு வாங்கினீர்கள் என்ற வாதத்துக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை நம்பிப் பலர் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். வணிக நோக்கத்துக்காகப் பொருள் வாங்குபவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்பது பொது விதி. ஆனால் சுயதொழில் செய்து தன் பிழைப்பை நடத்துவதற்காக மட்டும் வாங்கித் தானே பயன்படுத்துபவர் நுகர்வோர்தான் என்று பிரிவு 2(7)-ன் விளக்கம் சொல்கிறது. 1995-ல் லக்ஷ்மி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைச் சாதாரண மனிதர்களை வைத்தே விளக்கியது. கூலிக்கு டைப் அடித்துத் தர டைப்ரைட்டர் வாங்குகிறவர், தானே ஓட்ட ஆட்டோ வாங்குகிறவர், தானே வேலை செய்ய லேத் வாங்குகிறவர், இவர்கள் எல்லாம் நுகர்வோர். உதவிக்கு ஒன்றிரண்டு பேரை வைத்துக்கொண்டாலும் அந்த உரிமை போகாது. லைட் பிடிக்க உங்கள் அக்கா மகன் கூட வருகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் ஒன்றும் ஆகாது. கேமராவை ஆள் வைத்து நான்கு இடத்தில் வாடகைக்கு விட்டிருந்தால்தான் சிக்கல்.

பில் ஸ்டுடியோ பெயரில் இருப்பதும் பெரிய தடை இல்லை. அந்த ஸ்டுடியோ நீங்கள் ஒருவரே நடத்துவது என்று பிரமாணப் பத்திரத்தில் சொல்லுங்கள். 'சுயதொழில் மூலம் பிழைப்புக்காக மட்டும் வாங்கியது' என்ற வாக்கியத்தைப் புகாரில் வார்த்தை பிசகாமல் எழுதுங்கள். பலருடைய புகார் இந்த ஒரு வரி இல்லாமல் அடிபட்டதை நான் பார்த்திருக்கிறேன். வணிக நோக்கம் இருந்தது என்று சொல்கிறவர்தான் அதை நிரூபிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024-ல் ஒரு சீட்டு நிறுவன வழக்கில் தெளிவாக்கியிருக்கிறது.

எங்கே போவது? நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம் என்கிறது பிரிவு 34, ஆகவே மதுரை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம்தான் உங்களுக்கு. இறக்குமதியாளர் டெல்லியில் இருந்தாலும் அவர்தான் இங்கே வர வேண்டும், நீங்கள் அங்கே போக வேண்டியதில்லை. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. காலக்கெடு 2 ஆண்டு, உங்களுக்கு நேரம் இருக்கிறது. தீர்ப்புப் பிடிக்காதவர் 45 நாளுக்குள் மாநில ஆணையத்துக்கு மேல்முறையீடு போகலாம், அதன் அமர்வு மதுரையிலேயே இருக்கிறது. பணம் தரச் சொல்லி ஆணை வந்தால், அதில் பாதியைக் கட்டிவிட்டுத்தான் அவர்கள் மேல்முறையீடே செய்ய முடியும்.

எதிர்த்தரப்பில் கடைக்காரரோடு இறக்குமதியாளரையும் சேருங்கள். அவர் பெயரும் முகவரியும் பெட்டியில் இருந்தாக வேண்டும், பொட்டலப் பொருள் விதிகள், 2011 அப்படித்தான் சொல்கின்றன. பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். இல்லையென்றால் அது தனிக் குற்றம், தொழிலாளர் துறையில் உள்ள எடையளவுப் பிரிவுக்கு ஒரு மனு எழுதிப் போடலாம். எப்படியும் அந்தப் பெட்டியைப் பரணில் போட்டு நசுக்கிவிடாதீர்கள். இந்த வழக்கில் கேமரா எவ்வளவு முக்கியமோ பெட்டியும் அவ்வளவு முக்கியம்.

ஆதாரம் சேர்ப்பதில் அவசரம் வேண்டாம். விழாவில் எடுத்த மெமரி கார்டை இனி கேமராவில் போடாதீர்கள், ஃபார்மேட் செய்யாதீர்கள், புதிதாக எதுவும் பதியாமல் தடுக்கும் ஓரத்துப் பூட்டைத் தள்ளி உறையில் போட்டு வையுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தை ஆணையத்தில் காட்டக் கூடாது. அனுப்பும்போதே படம் சுருங்கிவிடும், அதனால்தான் மங்கல் என்று அவர்கள் சொல்ல வழி கொடுத்துவிடுவீர்கள். பிரதி எடுத்துத் தாக்கல் செய்வதென்றால் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியம், 2023-ன் 63-ஆம் பிரிவு கேட்கும் மின்னணுப் பதிவுச் சான்றிதழையும் இணையுங்கள். முன்பு பழைய சாட்சியச் சட்டத்தில் 65பி என்று சொன்னோமே, அதன் புது வடிவம். மூல கார்டையே கொண்டுபோய்க் காட்டினால் வாதம் இன்னும் சுருங்கும்.

ஒரு எளிய சோதனையும் செய்யுங்கள். வெயில் வெளிச்சத்தில் ஒரு தினசரியின் முழுப் பக்கத்தைச் சுவரில் ஒட்டி, இந்தக் கேமராவின் 48 மெகாபிக்சலில் ஒரு படம், அதே கேமராவின் 5 மெகாபிக்சலில் ஒரு படம் எடுங்கள். இரண்டையும் ஒரே அளவில் ஒரே லேப்பில் அச்சடியுங்கள். 48-ல் கூடுதலாக ஒரு எழுத்தாவது படிக்க முடிகிறதா என்று பார்த்தாலே உண்மை விளங்கிவிடும். லேப் நடத்துபவர் அனுபவசாலி என்றால் அவரிடம் பிரமாணப் பத்திரம் வாங்கலாம். எதிர்த்தரப்பு மறுத்தால் பிரிவு 38-ன் கீழ் ஆணையமே ஆய்வகத்துக்கு அனுப்பலாம், அதற்கான கட்டணத்தை முதலில் நீங்கள் கட்ட வேண்டியிருக்கும்.

முதலில் இருவருக்கும் ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்டில் ஒரு அறிவிப்பு அனுப்பி 15 நாள் கொடுங்கள். கேமரா விலை 18,500, ஆல்பம் 7,200, நீங்கள் இழந்த கூலி, வழக்குச் செலவு, மன உளைச்சலுக்கு நியாயமான ஒரு தொகை, இவ்வளவு கேளுங்கள். ஐந்து லட்சம் நஷ்டஈடு கேட்கச் சொல்லி யாராவது ஆசை காட்டினால் கேட்காதீர்கள், நீங்கள் கேட்கிற மற்றத் தொகை மீதும் சந்தேகம் வந்துவிடும். சமரசத்துக்கு அழைத்தால் போங்கள். கேமரா விலையும் ஆல்பச் செலவும் கைக்கு வந்தால் ஒப்புக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

கடைசியாக, வீடியோ. கொடுக்காமல் வைத்திருக்காதீர்கள். கூலி பேசி எடுக்கச் சொன்ன படத்துக்கும் வீடியோவுக்கும், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர் என்கிறது பதிப்புரிமைச் சட்டம், 1957-ன் 17-ஆம் பிரிவு. விழா வீட்டார் உங்கள் மீது சேவைக் குறைபாடு என்று அதே ஆணையத்துக்குப் போனால், கடைக்காரர் இன்று நிற்கிற இடத்தில் நாளை நீங்கள் நிற்பீர்கள். அவர்களையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். தாய்மாமன் மடியில் பிள்ளை உட்கார்ந்து காது குத்துவது ஒரு தடவைதான். சீர் தட்டு தூக்கி வந்தவர்கள் எல்லாம் அந்தப் படத்தில் தங்கள் முகத்தைத் தேடுவார்கள். கெட்டுப்போன ஆல்பத்துக்குக் கூலி கேட்காதீர்கள், வீடியோவுக்கான பங்கை மட்டும் பேசி வாங்குங்கள்.

ஒன்று செய்து பாருங்கள். வீடியோவில் அந்த இடத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, ஊசி இறங்குவதற்கு முன்னால் எல்லோரும் அசையாமல் இருக்கிற ஒரு நொடியைப் பிடியுங்கள். வீடியோவின் 4கே-யும் நிரப்பியதாகவே இருந்தாலும், 1920க்கு 1080 அளவு தேறினால் 4க்கு 6 அங்குலப் படம் தெளிவாக வரும். அப்படி ஒரு இருபது முப்பது படம் அச்சடித்து, வீடியோவைப் பென்டிரைவில் போட்டு, ஆள் அனுப்பாமல் நீங்களே அந்த வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள். பெட்டியையும் கையேட்டின் கடைசிப் பக்கத்தையும் அவர்களிடம் காட்டுங்கள். ஆணையத்தில் உங்களுக்கு ஒரு சாட்சி தேவைப்படும்போது அந்த வீட்டுப் பெரியவரே வரக்கூடும்.