எனக்கு வெக்கையாக இருக்கிறது

வணக்கம் சார்,

பெங்களூரில் பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பெயர் போட வேண்டாம், என் வகுப்பில் உங்களைப் படிப்பவர்கள் இருக்கிறார்கள். வீடு அல்சூரில். கல்லூரியில் தமிழ் கிடையாது. கன்னடம், இந்தி, ஜெர்மன் என்று கேட்டபோது, ஜெர்மன் 'ஸ்கோரிங்' என்று சீனியர்கள் சொன்னதை நம்பி எடுத்துவிட்டேன். அப்பா மைக்கோவில் (ஜெர்மன் பாஷ் கம்பெனி) வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "முப்பது வருஷம் ஜெர்மன்காரன் சம்பளத்துல சாப்பிட்டேன், ஒரு வார்த்தை கத்துக்கலை. நீயாவது கத்துக்கோ" என்றார்.

இன்டர்னலில் 25க்கு 9 வந்திருக்கிறது. மேஜை ஆண்பால், விளக்கு பெண்பால், சிறுமி மட்டும் இரண்டும் இல்லையாம்! ஆங்கில 'தி' மாதிரி பெயருக்கு முன்னால் வரும் 'டேர்' எப்போது 'டென்' ஆகும், எப்போது 'டேம்' ஆகும் என்று ஆங்கிலத்தில் விளக்குகிறார்கள். எனக்குப் புரியவில்லை. டைரக்ட் ஆப்ஜெக்ட், இன்டைரக்ட் ஆப்ஜெக்ட் எல்லாம் ஆங்கிலத்திலேயே எனக்குத் தெரியாது. பத்தொன்பது வயதில் "இது மேஜை, அது நாற்காலி" என்று எல்.கே.ஜி. பிள்ளை மாதிரி ஒப்பிக்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஜெர்மனிக்குப் போகும் ஆசையும் எனக்கு இல்லை. அடுத்த செமஸ்டரில் இந்திக்கு மாறலாம் என்கிறார்கள். மாறிவிடட்டுமா?

என் தமிழ் பாட்டி சொல்லிக்கொடுத்தது. பிழை இருந்தால் மன்னிக்கவும்.

ஒரு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

இரண்டு சந்திப் பிழைகள் இருந்தன, திருத்திவிட்டேன். மற்றபடி பாட்டி நன்றாகவே சொல்லிக்கொடுத்திருக்கிறார்.

உங்கள் இரண்டாவது பத்தியை நீங்களே ஒரு தடவை படித்துப் பாருங்கள். எனக்குப் புரியவில்லை, எனக்குத் தெரியாது, எனக்குக் கூச்சமாக இருக்கிறது, எனக்கு இல்லை. நான்கு 'எனக்கு'. ஓரிடத்திலாவது 'என்னை' என்றோ 'நான்' என்றோ தடம் மாறியிருக்கிறதா? வகுப்பில் 'டாட்டிவ்' என்று கரும்பலகையில் எழுதி உங்களைப் பயமுறுத்துகிறார்களே, அது இந்தக் 'கு'தான். நான்காம் வேற்றுமை. மூன்று வயதில் "எனக்கு" என்று கை நீட்டிய அன்றே அது உங்களுக்கு வந்துவிட்டது.

இதை நான் அவமானப்பட்டுக் கற்றேன். பல வருடங்களுக்கு முன் இந்திராநகரில் ஒரு மாலை வகுப்பில் சேர்ந்திருந்தேன். ஏப்ரல் மாதம், மின்சாரம் போய்விட்டது. ஆசிரியை ஒரு ஜெர்மானிய அம்மையார். "எப்படி இருக்கிறீர்கள்?" என்று அவர் கேட்க, ஆங்கிலத்தில் 'ஐ ஆம் ஹாட்' என்பதை மனதில் வைத்துக்கொண்டு "இஹ் பின் ஹைஸ்" என்றேன். அம்மையார் முகம் சிவந்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் சொன்னதற்கு ஜெர்மனில் வேறு பொருள். இந்தக் கடிதத்தை உங்கள் அப்பாவும் படிப்பார் என்பதால் அதை விட்டுவிடுகிறேன். சொல்ல வேண்டியது "மிர் இஸ்ட் ஹைஸ்". மிர் என்றால் எனக்கு, இஸ்ட் என்றால் இருக்கு, ஹைஸ் என்றால் சூடு. எனக்கு வெக்கையா இருக்கு! தமிழில் நினைத்திருந்தால் தப்பித்திருப்பேன். நடுவில் ஆங்கிலத்தை உட்காரவைத்ததுதான் தப்பு.

உங்கள் சிக்கலும் அதேதான் என்று படுகிறது. தமிழ் வீட்டுப் பெண் ஜெர்மனை ஆங்கிலத்தின் வழியாகப் படிக்கிறீர்கள். ஆங்கிலத்தில் வேற்றுமை உருபுகள் பெரும்பாலும் உதிர்ந்துபோய்விட்டன, அதனால் 'டைரக்ட்', 'இன்டைரக்ட்' என்று சுற்றி வளைத்து விளக்க வேண்டியிருக்கிறது. "அந்த ஆளுக்கு அந்தச் சாவியைக் கொடுக்கிறேன்" என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆளுக்கு, டேம் மான். அந்தச் சாவியை, டென் ஷ்லுஸல். ஆண்பால் சொல்லாக இருந்தால், 'ஐ' வரும் இடத்தில் டென், 'கு' வரும் இடத்தில் டேம். உனக்கு உதவுகிறேன், உனக்குப் பதில் சொல்கிறேன், இது எனக்குச் சொந்தம், எனக்குத் தலை வலிக்கிறது: இந்த நான்கிலும் ஜெர்மன்காரரும் 'கு'தான் போடுகிறார். நீங்கள் கூச்சம் என்றீர்களே, அதற்கும் "டாஸ் இஸ்ட் மிர் பைன்லிஹ்", அது எனக்குக் கூச்சமாக இருக்கு.

குழிகளும் உண்டு. நமக்குப் பசிக்கும், ஜெர்மன்காரருக்கோ பசி 'உண்டு': "இஹ் ஹாபே ஹுங்கர்", நான் பசி வைத்திருக்கிறேன் என்கிற மாதிரி. புரிவதும் தெரிவதும் அங்கே 'நான்' செய்கிற வேலைகள், 'எனக்கு' நடப்பவை அல்ல. அப்புறம் நாம் காபியைக் குடித்தேன் என்று சொல்வதில்லை, காபி குடித்தேன் என்று 'ஐ'யை விழுங்கிவிடுவோம். ஜெர்மனில் விழுங்க முடியாது, "ஐனன் காஃபே" என்று உருபோடுதான் கேட்க வேண்டும். 'மிட்' (உடன்) போன்ற முன்னிடைச் சொற்களுக்குப் பின்னால் எந்த வேற்றுமை வரும் என்பதற்குத் தமிழ் கைகொடுக்காது, அந்தப் பட்டியலை உருப்போடத்தான் வேண்டும்.

வினைச்சொல் விஷயத்தில் இன்னும் சுகம். ஜெர்மன் தனி வாக்கியத்தில் வினை இரண்டாம் இடத்தில் நிற்கும், 'வைல்' என்று காரணம் சொல்ல ஆரம்பித்தால் கடைசிக்குப் போய்விடும். ஆங்கிலம் மட்டும் பேசி வளர்ந்தவர்கள் இங்கேதான் திணறுவார்கள். "வைல் எஸ் மிர் கெஃபெல்ட்" என்பதைச் சொல்லுக்குச் சொல் போட்டுப் பாருங்கள்: ஏனென்றால், அது, எனக்கு, பிடிக்கிறது. ஒரு சொல்லைக்கூட இடம் மாற்ற வேண்டியதில்லை.

பால் விவகாரத்துக்கு வருகிறேன். "உயர்திணை என்மனார் மக்கட் சுட்டே" என்று தொல்காப்பியர் ஒரே வரியில் முடித்துவிட்டார். மக்களென்றால் உயர்திணை, மற்றதெல்லாம் அஃறிணை. ஜெர்மனுக்கு அந்தக் கருணை கிடையாது. மேஜை ஏன் ஆண் என்று கேட்பது வீண். சிறுமியைக் குறிக்கும் 'மேட்ஷென்' அஃறிணை போல 'டாஸ்' வாங்குவதற்கு மட்டும் காரணம் உண்டு: சிறுமையைக் குறிக்கும் 'ஷென்' விகுதி ஏறினால் எந்தச் சொல்லும் 'டாஸ்' ஆகிவிடும். இதற்கா ஆச்சரியக்குறி போட்டீர்கள்? நம் வீட்டில் குழந்தை அழுகிறது, அழுகிறாள் இல்லை. "பக்கத்து வீட்டுப் பொண்ணு வந்துச்சு" என்று பாட்டி சொல்லிக் கேட்டதில்லையா? 'உங்' என்று முடிவது பெண்பால் என்பது போலச் சில விகுதி விதிகள் கைகொடுக்கும். மீதியை மனப்பாடம் செய்யுங்கள். மேஜையை 'டிஷ்' என்று படிக்காதீர்கள், 'டேர் டிஷ்' என்றே படியுங்கள்.

எல்.கே.ஜி. கூச்சத்துக்கு ஒருவரைச் சொல்கிறேன். 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் ஒரு ஜெர்மானியர் கப்பலிலிருந்து இறங்கினார். மறுநாள் அவருக்கு வயது 24. சீகன்பால்கு. தமிழ் ஒரு எழுத்தும் தெரியாது. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் அ, ஆ எழுதினார். பத்து வருடம் கழித்து, 1716இல், அவர் எழுதிய தமிழ் இலக்கணம் ஹாலே நகரில் இலத்தீனில் அச்சாயிற்று. மதம் பரப்ப வந்தவர்தான், அந்த நோக்கத்தில் எனக்கு ஈடுபாடு இல்லை. ஆனால் அந்த மணல் எனக்குப் பிடிக்கும். உங்களுக்கு நாற்காலியாவது கிடைத்திருக்கிறது.

இனி உங்கள் கேள்வி. ஒரு செமஸ்டர் பொறுங்கள் என்பேன். இந்தி நல்ல மொழிதான், ஆனால் இப்போது நீங்கள் அங்கே ஓடுவது இந்திக்காக அல்ல, 9 மதிப்பெண்ணுக்குப் பயந்து. ஜெர்மனிக்குப் போகாவிட்டால் என்ன, பெங்களூரில் ஜெர்மன் தெரிந்தவருக்கு வேலை இருக்கிறது என்று உங்கள் அப்பாவுக்கே தெரியும். அல்சூரிலிருந்து மெட்ரோவில் அடுத்த நிறுத்தம் இந்திராநகர். சி.எம்.எச். ரோட்டில் ஜெர்மன் கற்றுத்தரும் மாக்ஸ்முல்லர் பவன் இருக்கிறது. (இந்தியாவுக்கு ஒருநாளும் வராதவர் பெயரில் இந்தியாவில் இத்தனை பவன்கள்!) ஏ1 என்ற முதல் நிலைத் தேர்வை அங்கே தனியாகவும் எழுதலாம், 100க்கு 60 எடுத்தால் தேர்ச்சி. வாய்மொழித் தேர்வில் முதலில் உங்களை அறிமுகம் செய்துகொள்ளச் சொல்வார்கள், பெயரை எழுத்துக்கூட்டச் சொல்வார்கள், ஒரு எண்ணையும் கேட்பார்கள். எண்ணில் ஜாக்கிரதை: நமக்கு இருபத்தொன்று, அவர்களுக்கு ஒன்றும்-இருபது. செல்பேசி எண்ணை இரண்டிரண்டாகச் சொன்னால் நிச்சயம் தடுமாறுவீர்கள், ஒவ்வொரு இலக்கமாகவே சொல்லுங்கள்.

இன்று இரவு ஒரு வேலை செய்யுங்கள். அப்பாவை எதிரே உட்காரவைத்து "இஸ்ட் டிர் கால்ட்?" என்று கேளுங்கள். உனக்குக் குளிருதா என்று அர்த்தம். ஆமாம், அப்பாவை 'உனக்கு' என்றுதான் கேட்க வேண்டும், ஜெர்மன் வீடுகளில் அப்பாவும் தாத்தாவும்கூட 'நீ'தான். அவர் திட்டினால் என் பெயரைச் சொல்லுங்கள்.