கண்ட்ரோல் தியரி ப்ரொஃபஸர் ஆக என்ன வழி?

மதுரைல ஈஈஈ (எலக்ட்ரிக்கல் அண்ட் எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினியரிங்) படிக்கிற தம்பி ஒருத்தர், கண்ட்ரோல் தியரில, அதாவது மோட்டார், ராக்கெட் மாதிரி ஒரு சிஸ்டத்த நாம நினைச்சபடி நிலையா ஓட வைக்கிற கணக்குல, ஆராய்ச்சி பண்ற ப்ரொஃபஸர் ஆகணும், எப்படின்னு கேட்டிருக்காப்ல. முதல்ல கணக்கு தம்பி, லீனியர் ஆல்ஜீப்ராவும் டிஃபரென்ஷியல் ஈக்குவேஷனும் கைல இல்லாம இதுல ஒரு பேப்பர் கூட முழுசா வாசிக்க முடியாது. அப்புறம் கேட் (GATE) நுழைவுத் தேர்வு எழுதி எம்.டெக், பிஎச்.டி. திருச்சி என்.ஐ.டி.ல இன்ஸ்ட்ருமெண்டேஷன் அண்ட் கண்ட்ரோல்னு தனி டிபார்ட்மெண்டே இருக்கு, ஊர விட்டு போக முடியாதுன்னா திருப்பரங்குன்றம் தியாகராஜர் இன்ஜினியரிங் காலேஜ்லயே பிஎச்.டி பண்ணலாம்.

1892ல ரஷ்யக் கணித அறிஞர் லியாபுனோவ் ஸ்டெபிலிட்டிய (ஒரு சிஸ்டம் தடுமாறினாலும் நிலைக்குத் திரும்புமாங்கிறத) பத்தி எழுதுனது, 1960ல இன்ஜினியர் கால்மன் கொண்டு வந்த ஃபில்டர் (பிழையுள்ள சென்சார் அளவுகள்ல இருந்து உண்மையான நிலைய கணிக்கிற முறை), ரெண்டும் இன்னைக்கும் ட்ரோன், ராக்கெட் வரைக்கும் பயன்படுது, எனக்கு இந்த ஃபீல்டு மேல அவ்வளவு பிரியம் வரக் காரணமே அதுதான். வேலைன்னா க்ளாஸ், பேப்பர் திருத்தறது, மிச்ச நேரம் ஸ்டூடண்ட்ஸோட போர்டு முன்னாடி நின்னு ப்ரூஃப் எங்க உடையுதுன்னு தேடுறது. லேப்ல இன்வெர்டட் பெண்டுலம் (தலைகீழா நிக்கிற கம்பிய விழாம பிடிக்கிற செட்டப்) இருந்தா சார்ட்ட கேட்டு இப்பவே தொடுங்க, மேட்லாப்ங்கிற சாஃப்ட்வேர்ல அழகா ஓடுன கண்ட்ரோலர் நிஜ மோட்டார்ல ஏன் ஆடுதுன்னு பாருங்க, ஆராய்ச்சிக்கான கேள்வி அங்கதான் கிடைக்கும்.