12 மென்பொருளையும் இணைக்க ஒரு பெரிய தளம் வாங்கலாமா?

கேள்வி: எங்கள் பல்கலைக்கழகத்தில் சேர்க்கை, கட்டணம், தேர்வு, நூலகம், விடுதி, ஊதியம் என்று 12 மென்பொருள்கள் ஓடுகின்றன. மாணவர் பாடம் மாற்றினால், இணையவழிக் கற்றல் தளத்தில் அவர் பெயர் மறுநாள்தான் வருகிறது; அன்றைய மாற்றங்களைத் தொகுத்து இரவில் ஒரு கோப்பு போகும்வரை காத்திருக்க வேண்டும். எல்லாவற்றையும் இணைக்கும் தளம் என்று சொல்லி ஒரு நிறுவனம் வாங்கச் சொல்கிறது. வாங்கலாமா?

பதில்: இப்போது வேண்டாம். உங்கள் தொல்லை அந்த இரவுக் கோப்பு. பாடப்பதிவில் மாற்றம் நடந்த உடனே, “இன்னார் இதை விட்டார், இதில் சேர்ந்தார்” என்று ஒரு செய்தி கிளம்ப வேண்டும். அது நடுவில் ஒரு வரிசையில் நிற்கும். கற்றல் தளமோ கட்டணப் பிரிவோ, தேவைப்படுபவர்கள் எடுத்துக்கொள்வார்கள். ஒவ்வொன்றையும் மற்ற எல்லாவற்றோடும் நேராகக் கட்டினால் 66 இணைப்பு; நடுவில் வரிசை இருந்தால் 12. ராபிட்எம்க்யூ, காஃப்கா மாதிரித் திறமூல மென்பொருள்களே இதைச் செய்யும். பார்த்துக்கொள்ள விவரம் தெரிந்த ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

விற்க வருபவர்கள் முதலில் காட்டுவது ஒரே கடவுச்சொல்லில் எல்லாத் தளத்திலும் நுழைவதை. “பாருங்கள், இணைத்துவிட்டோம்!” அது கதவைத் திறப்பது மட்டும்தான், ஒரு தகவலும் இடம் மாறவில்லை. அப்புறம் “ரெடிமேட் கனெக்டர்” என்பார்கள், அதாவது இரண்டு மென்பொருளை இணைக்க முன்பே செய்து வைத்த நிரல். அது மென்பொருளின் மூல வடிவத்துக்குச் செய்தது. நீங்கள் பல வருடமாக ஒட்டுப்போட்டு மாற்றியதற்குப் பொருந்தாது. பொருத்துவதற்குத் தனி பில் வரும். ஒரு மென்பொருளின் எந்தப் புலம் (பெயர், முகவரி போன்ற தகவல் கட்டம்) இன்னொன்றின் எந்தப் புலத்துக்குப் போகிறது என்ற பொருத்த விதிகளும் நிரலும் பல்கலைக்கழகத்துக்கே சொந்தம் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். இல்லாவிட்டால் அவர்களை விட்டு நகரவே முடியாது.

ஒரு விதிவிலக்கை மட்டும் விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள்: ஆய்வு மாணவராகவும் தற்காலிக விரிவுரையாளராகவும் இருப்பவர். ஜூன் 30ஆம் தேதி அவருடைய பணி ஒப்பந்தம் முடிகிறது. ஊதிய மென்பொருள் “இவர் போய்விட்டார்” என்று செய்தி அனுப்புகிறது. உடனே மின்னஞ்சல் முடங்கும், நூலகக் கணக்கு மூடும். ஆய்வேடு பாதியில் நிற்கும். அதனால் ஆளுக்கு ஒரு நிரந்தர எண் கொடுங்கள். மாணவர், ஊழியர் என்ற பொறுப்புகளைத் தொடக்க, முடிவுத் தேதியோடு அதன் கீழ் வையுங்கள். கடைசிப் பொறுப்பும் முடிந்த பிறகுதான் கணக்கு மூட வேண்டும். மின்னஞ்சல் முகவரியை அடையாள எண்ணாக வைக்காதீர்கள், அது மாறும்.

முகவரி எந்த மென்பொருளில் திருத்தப்பட வேண்டும், பெயர் எதில் என்பதை முடிவு செய்யக் குழு போடுவார்கள், குழுவுக்குத் துணைக்குழு போடுவார்கள். ஒரே பக்கத்தில் எழுதி முடிக்க வேண்டிய வேலை இது! ஆனாலும் அந்தப் பக்கம் கையெழுத்தாகாமல் டெண்டருக்குப் போகாதீர்கள்.

அந்த நிறுவனத்திடம் ஒரு சோதனை மட்டும் கேளுங்கள். சோதனைப் பிரதியில் கற்றல் தளத்தை ஒரு மணி நேரம் நிறுத்திவிட்டு, ஒரு மாணவரின் பாடத்தை மாற்றச் சொல்லுங்கள். தளத்தைத் திரும்ப ஓட்டும்போது அந்த மாற்றம் தானாக வந்து சேர்கிறதா, ஒரே ஒரு தடவை பதிவாகிறதா என்று பாருங்கள். ஆள் வைத்துக் கையால் ஏற்றினால் விலை பேச வேண்டாம்.