நைட்டுகள், போர்கள், கம்பளி மூட்டைகள்: கேள்வி பதில்

பதின்மூன்றாம் நூற்றாண்டு தொடங்கிப் பதினைந்தாம் நூற்றாண்டு வரையிலான ஐரோப்பாவைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் பெரும்பாலானவை நைட்டுகளை, அதாவது கவசம் அணிந்து குதிரையில் போரிடும் பட்டம் பெற்ற வீரர்களை, பற்றித்தான். வணிகத்தைப் பற்றிக் கேட்டவர்கள் குறைவு. ஆனால் என் பதில்கள் எங்கே தொடங்கினாலும் கடைசியில் கல்லாப்பெட்டிக்குத்தான் போய்ச் சேரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அண்ணா, வீடியோ கேமில் கவசம் போட்டால் நைட்டின் வேகம் பாதியாகிவிடுகிறது. நிஜத்திலும் அவ்வளவு கனமா? கிரேன் வைத்துத்தான் குதிரைமேல் ஏற்றுவார்கள் என்று எங்கோ படித்தேன்.

அந்தக் கிரேன் கதையைத் தூக்கிப் போடுங்கள் தம்பி. தலை முதல் கால் வரை மூடும் எஃகுக் கவசம் 20 முதல் 25 கிலோ இருக்கும். இன்றைய காலாட்படைச் சிப்பாய் சுமக்கும் மூட்டை பல நேரம் அதைவிடக் கனம். மேலும் அந்த எடை ஒரே இடத்தில் தொங்காது. தோள், இடுப்பு, தொடை என்று உடம்பு முழுக்கப் பரவியிருக்கும். பூசிகோ என்ற பிரெஞ்சுத் தளபதியின் வாழ்க்கைக் கதை அவர் இருக்கும்போதே எழுதப்பட்டது. கவசத்தோடு குட்டிக்கரணம் அடிப்பார், ஏணியின் அடிப்பக்கத்தைப் பிடித்துத் தொங்கியபடியே மேலே ஏறுவார் என்றெல்லாம் அதில் வருகிறது. கொஞ்சம் துதி கலந்திருக்கலாம்தான். ஆனால் அதே மாதிரிக் கவசத்தைச் செய்து மாட்டிக்கொண்டு இன்றும் ஆட்கள் ஓடிக் காட்டியிருக்கிறார்கள். ஈட்டிப் போட்டிகளுக்கென்று தனியாகச் செய்த கவசம் மட்டும் நல்ல கனம்.

எடையைவிடப் பெரிய தொல்லை சூடும் மூச்சும். முகமூடியை இறக்கிவிட்டால் காற்று வராது. 1415-இல் ஆங்கிலேயரோடு அஜன்கூரில் நடந்த போரில், உழுத வயலின் சேற்றில் அப்படி நடந்து வந்த பிரெஞ்சுக்காரர்கள் எதிரியை நெருங்குவதற்குள்ளேயே களைத்துப் பாதி உயிராகியிருந்தார்கள். பூசிகோ அங்கேதான் பிடிபட்டார். இங்கிலாந்தில் கைதியாகவே இருந்து 1421-இல் இறந்தார்.

கேள்வி: குதிரை, கவசம் எல்லாம் சேர்த்தால் பெரிய செலவாச்சே. பணக்காரர்கள் மட்டும்தான் நைட் ஆனார்களா?

பணக்காரர்களே ஆக மறுத்தார்கள், அதுதான் வேடிக்கை. பதின்மூன்றாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் நிலத்திலிருந்து ஆண்டுக்கு 20 பவுண்டு (பிற்பாடு 40) வருமானம் உள்ளவர் நைட் பட்டம் வாங்கியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் அபராதம் என்று அரசர்கள் திரும்பத் திரும்ப உத்தரவு போட்டார்கள். பலர் அபராதத்தைக் கட்டிவிட்டு ஆட்டையும் வயலையும் பார்க்கப் போனார்கள். பட்டம் வந்தால் போர்க்குதிரை, மாற்றுக் குதிரை, குதிரைக்காரன், கவசம், ஊர்ப் பொறுப்புகள் என்று பின்னாலேயே எல்லாம் வரும்.

அடுத்த நூற்றாண்டில் இங்கிலாந்து அரசர் மூன்றாம் எட்வர்டின் சம்பளப் பட்டியலைப் பாருங்கள். நைட்டுக்கு ஒரு நாளைக்கு 2 ஷில்லிங், அதாவது 24 பென்ஸ். குதிரையில் வரும் வில்லாளிக்கு 6 பென்ஸ். ஒரு நைட்டின் கூலியில் நாலு வில்லாளி. படை கிளம்பும்போது அரசு ஆட்கள் ஒவ்வொரு போர்க்குதிரைக்கும் விலை மதித்து எழுதிக்கொள்வார்கள். போரில் குதிரை செத்தால் அந்தத் தொகை கிடைக்கும், ஏறக்குறைய இன்ஷூரன்ஸ் மாதிரி.

முன்பு நிலத்தைக் கொடுத்துவிட்டு, அதற்குப் பதிலாக ஆண்டில் சில வாரம் சேவை வாங்குவார்கள். இப்போது ஒப்பந்தம், தினக்கூலி. நைட்டின் உலகம் ஆட்டம் காணத் தொடங்கியது எந்தப் போர்க்களத்திலும் இல்லை, இந்தப் பட்டியலில்தான் என்பது என் கட்சி.

கேள்வி: தோற்ற நைட்டைக் கொல்லாமல் பிடித்து வைப்பார்களாமே, ஐயா. அது கருணையா?

கருணையும் உண்டு, கணக்கும் உண்டு. உயிரோடு இருந்தால்தானே குடும்பத்திடம் மீட்புத்தொகை கேட்க முடியும்? 1356-இல் புவாத்தியே போரில் பிரெஞ்சு அரசர் இரண்டாம் ழானே ஆங்கிலேயரிடம் பிடிபட்டார். பேசி முடித்த தொகை 30 லட்சம் பொற்காசு. ஃபிராங்க் என்ற நாணயம் 1360-இல் முதன்முதலாக அச்சடிக்கப்பட்டது இந்த விடுதலையை ஒட்டித்தான். அவருக்குப் பதில் பணயமாக இருந்த மகன் தப்பி ஓடிவிட, கௌரவம் போச்சே என்று ழான் தானாகவே லண்டனுக்குத் திரும்பிப் போய் 1364-இல் அங்கேயே இறந்தார். தவணை முழுதாகக் கட்டி முடிக்கப்படவே இல்லை.

இந்த மரியாதையெல்லாம் விலை உள்ள ஆளுக்குத்தான். சாதாரண வில்லாளி பிடிபட்டால் பெரும்பாலும் கத்திதான்.

கேள்வி: சார், நான் திருப்பூரில் பின்னலாடைத் தொழிலில் இருக்கிறேன். நெசவாளர்கள் சேர்ந்து நைட்டுகளைத் தோற்கடித்த போர் ஒன்று உண்டு என்கிறார்கள். உண்மையா, கதையா?

உண்மை. 1302 ஜூலை 11, இன்றைய பெல்ஜியத்தில் உள்ள கோர்ட்ரைக் ஊர்.

உங்களுக்குப் பின்னணி சட்டென்று பிடிபடும். புரூஜ், கெண்ட், ஈப்பர் ஆகிய ஃபிளாண்டர்ஸ் நகரங்கள் அப்போது துணியால் வாழ்ந்தவை. கம்பளி இங்கிலாந்திலிருந்து கப்பலில் வரும். கழுவி, நூற்று, நெய்து, சாயம் போட்டு ஐரோப்பா முழுக்க அனுப்புவார்கள். பிரெஞ்சு அரசர் அந்த நாட்டைத் தன் நேரடிப் பிடிக்குள் கொண்டுவந்தார். நகரத்துப் பெரும் பணக்காரர்கள் அவர் பக்கம், தொழிலாளர் சங்கங்கள் எதிர்ப்பக்கம். புரூஜில் கிளர்ச்சியை நடத்தியவர் பீட்டர் டி கோனிங்க் என்ற நெசவாளர். அந்த ஆண்டு மே மாதம் ஒரு விடியற்காலையில் புரூஜிலிருந்த பிரெஞ்சுப் படையினரைக் கிளர்ச்சிக்காரர்கள் வெட்டிப் போட்டார்கள். பழிவாங்க ராபர்ட் தார்த்வா தலைமையில் குதிரைப்படை வந்தது.

நகரத்தார் படையில் குதிரை ஏறக்குறைய இல்லை. கையில் நீண்ட ஈட்டி, அப்புறம் கூடன்டாக் என்று ஒரு ஆயுதம்: தடித்த கம்பு, நுனியில் இரும்புப் பூண், அதில் ஒரு முள். அடிக்கவும் செய்யலாம், குத்தவும் செய்யலாம். ஓடைகளும் பள்ளங்களும் நிறைந்த இடமாகப் பார்த்துச் சங்கம் சங்கமாகத் தோளோடு தோள் நின்றார்கள். குதிரைகள் ஓடையைத் தாண்டும்போதே வேகம் போனது. ஈட்டி வரிசையில் மோதி நின்றன. கைதி பிடிக்கக் கூடாது என்று முன்பே உத்தரவு. மீட்புத்தொகை கொடுத்துத் தப்பலாம் என்று நம்பி வந்தவர்கள் சேற்றில் கிடந்தார்கள், தார்த்வா உட்பட. இறந்தவர்களின் பொன்முலாம் பூசிய குதிமுட்கள் (குதிரையைக் குத்தி விரட்டக் குதிகாலில் மாட்டும் முட்கள்) ஏறக்குறைய 500 ஜோடியைப் பொறுக்கி ஊர்த் தேவாலயத்தில் தொங்கவிட்டார்கள். அதனால்தான் பொற்குதிமுள் போர் என்று பெயர்.

போருக்குமுன் அந்த நெசவாளருக்கே நைட் பட்டம் கொடுத்தார்கள் என்பது எனக்குப் பிடித்த துணுக்கு. ஆனால் நெசவாளர் சங்கம் ஜெயித்தே தீரும் என்று இதை வைத்து முடிவுகட்ட வேண்டாம். 1328-இல் காசெல், 1382-இல் வெஸ்ட்ரோசபெக் என்று பின்னால் நன்றாக அடி வாங்கினார்கள். 1382-இல் பிரெஞ்சுக்காரர்கள் கோர்ட்ரைக்குக்கு வந்து அந்தக் குதிமுட்களைக் கழற்றிக்கொண்டு, ஊருக்கும் தீ வைத்துவிட்டுப் போனார்கள்.

கேள்வி: நான் கணக்காளர். அரசருக்குக் கடன் கொடுத்து வங்கிகள் மூழ்கிய கதையைக் கொஞ்சம் சொல்லுங்களேன்.

பார்டி, பெருட்சி. இரண்டும் புளோரன்ஸ் குடும்ப நிறுவனங்கள், பல நாடுகளில் கிளை உள்ளவை. மூன்றாம் எட்வர்டு பிரான்சோடு போர் தொடங்கியபோது கையில் காசு இல்லை. நாட்டில் கம்பளி இருந்தது. ஏற்றுமதியாகும் ஒரு மூட்டைக்கு (ஏறக்குறைய 165 கிலோ) 1275-இல் வைத்த வரி 6 ஷில்லிங் 8 பென்ஸ். போர்க்காலத்தில் மொத்த வரி 40 ஷில்லிங்கைத் தொட்டது. இனி வரப்போகும் அந்த வரியைக் காட்டித்தான் இத்தாலியர்களிடம் கடன் வாங்கினார். அவர்களுக்கும் ஆசை இருந்தது: கடன் கொடுத்தவருக்குத்தான் கம்பளி ஏற்றுமதி உரிமம் எளிதில் கிடைக்கும்.

எட்வர்டு முழுதாகத் திருப்பித் தரவில்லை. பெருட்சி 1343-இல் விழுந்தது, பார்டி 1346-இல். பார்டிக்கு 9 லட்சம், பெருட்சிக்கு 6 லட்சம் ஃபுளோரின் (புளோரன்ஸ் பொற்காசு) பாக்கி, ஒரு ராஜ்யத்தின் விலை என்று அந்த ஊர் வரலாற்றை எழுதிய ஜொவான்னி வில்லானி சொன்னார். அவரே ஒரு காலத்தில் பெருட்சி நிறுவனத்தில் பங்குதாரர். அந்தத் தொகை மிகை என்று இன்றைய ஆய்வாளர்கள் சிலர் வாதிடுகிறார்கள். எனக்கும் அப்படித்தான் படுகிறது. புளோரன்ஸே லூக்கா நகருக்காக வீண்செலவுப் போர் நடத்தியது, நேப்பிள்ஸ் பிரபுக்கள் போட்டு வைத்த பணத்தை ஒரே நேரத்தில் எடுக்க ஓடினார்கள். எட்வர்டு ஒரு தூணைத்தான் உருவினார். வீடு முன்பே சாய்ந்திருந்தது.

பார்டி விழுந்த அதே 1346-இல்தான் கிரெசி போரில் எட்வர்டின் வில்லாளிகள் பிரெஞ்சுக் குதிரைப்படையைச் சிதறடித்தார்கள்.

கேள்வி: வில்லுக்கான மரமும் இறக்குமதியா?

பெரும்பகுதி ஆமாம். நல்ல யூ மரம் இங்கிலாந்தில் போதவில்லை. 1472-இல் ஒரு சட்டமே வந்தது: சரக்கு கொண்டுவரும் வணிகர் ஒவ்வொரு டன்னுக்கும் நான்கு வில்கட்டை சேர்த்துக் கொண்டுவர வேண்டும்.

கேள்வி: நீங்கள் என்ன சொன்னாலும், நைட்டுகளை ஒழித்தது வெடிமருந்துதானே? பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் படித்தோம்.

நானும் அப்படித்தான் படித்தேன். ஆனால் காலவரிசை இடிக்கிறது. பீரங்கியின் படம் 1326-லேயே இங்கிலாந்துச் சுவடியில் இருக்கிறது. மிலானிலும் ஜெர்மன் நகரங்களிலும் மிகச் சிறந்த எஃகுக் கவசங்கள் செய்யப்பட்டதோ அதற்கு நூறு ஆண்டுகளுக்கும் பின்னால். ஒழிந்து போகிற ஆளுக்கு யார் இவ்வளவு அழகாகக் கவசம் அடிப்பார்கள்?

அதே நண்பர்: அப்படியானால் 1453-இல் பிரெஞ்சுக்காரர்கள் ஆங்கிலேயரை வென்ற காஸ்தியோன் போர்? பீரங்கிதானே வென்றது?

நல்ல இடத்தில் பிடித்தீர்கள். வென்றது பீரங்கிதான், மறுக்கவில்லை. முன்பு பிரெஞ்சுக்காரர்களிடம் கைதியாகி விடுதலையானபோது அவர்களுக்கு எதிராகக் கவசம் அணிவதில்லை என்று கொடுத்த வாக்குக்காக, டால்பட் என்ற முதிய ஆங்கிலத் தளபதி கவசமில்லாமலே வந்து அங்கே செத்தார். ஆனால் எதிரே பீரங்கிகளை நிறுத்திய ழான் பியூரோ யார்? அரசு நிதி வேலை பார்த்த நகரத்து ஆள். பீரங்கிக்கு வெண்கலம், வெடிமருந்து, வண்டி, மாதச் சம்பளம் எல்லாம் வேண்டும். ஒரு பிரபு தன் கோட்டையில் உட்கார்ந்து இவ்வளவையும் கட்டி மேய்க்க முடியாது. பிரெஞ்சு அரசர் ஏழாம் சார்ல்ஸ் 1445-இல் நிலையான குதிரைப்படை வைத்து வரியிலிருந்து சம்பளம் கொடுத்தார். 1449-இல் நார்மண்டியை மீட்கக் கிளம்பியபோது கைகொடுத்தவர் ழாக் கர் என்ற பூர்ஜ் நகர வணிகர், மென்மயிர்த் தோல் (ஃபர்) வியாபாரியின் மகன். 2 லட்சம் பொற்காசு கடன்.

பலன்? 1451-இல் அவரையே கைது செய்தார்கள். அரசரின் காதலிக்கு விஷம் வைத்தார் என்றுகூடப் பழி சொன்னார்கள். அரசவையில் பாதிப்பேர் அவரிடம் கடன் வாங்கியவர்கள் என்பதைச் சேர்த்துப் படிக்கவும்.

கேள்வி: வரலாற்று ஆசிரியை நான். சாம்பெயின் சந்தைகளுக்கு அவ்வளவு தூரத்திலிருந்து வணிகர்கள் எந்த தைரியத்தில் வந்தார்கள்?

பிரான்சின் சாம்பெயின் வட்டாரத்தை ஆண்ட பிரபு கொடுத்த வழிப்பாதுகாப்பை நம்பித்தான், மேடம். த்ருவா, ப்ரொவான், லான்யி, பார்-சுர்-ஓப் ஆகிய நான்கு ஊர்களில் ஆண்டுக்கு ஆறு சந்தை. கடனைக் கட்டாமல் ஒருவர் ஓடிவிட்டால் அவருடைய ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் சந்தையில் இடமில்லை என்று மிரட்டுவார்கள். ஊரே அவரைத் தேடிப் பிடிக்கும். மாணவர்களுக்குச் சொல்ல இது நல்ல உதாரணம். 1277-இல் ஜெனோவாக் கப்பல் கடல்வழியாகவே ஃபிளாண்டர்ஸ் போய்ச் சேர்ந்தபின் தரைவழிச் சந்தைகள் மெல்ல மங்கின. வணிகம் புரூஜில் போய்க் குவிந்தது. அங்கே வான் டெர் பர்ஸ் குடும்பத்தின் விடுதி முன்னால் வணிகர்கள் கூடிப் பேரம் பேசினார்கள். பங்குச் சந்தைக்கு ஐரோப்பிய மொழிகளில் உள்ள ‘பர்ஸ்’ என்ற பெயர் அங்கிருந்து வந்ததுதான்.

கேள்வி: அவர்கள் சாப்பாட்டில் நம் மிளகு இருந்ததா?

இருந்தது. மலபார்க் கரையிலிருந்து ஏடன், செங்கடல், அலெக்சாந்திரியா, வெனிஸ் வழியாக. கை மாறி மாறிப் போனதால் விலையும் ஏறி ஏறிப் போனது.

கேள்வி: ஒரே ஒரு ஆளைப் பிடித்துக்கொண்டு இந்தக் காலத்தைப் படிக்க வேண்டும் என்றால் யாரைச் சொல்வீர்கள்?

அரசரையும் நைட்டையும் விடுங்கள். ஃபிரான்செஸ்கோ தத்தீனி. புளோரன்ஸ் பக்கத்தில் ப்ராத்தோ ஊர். 1348 கொள்ளைநோயில் பெற்றோரை இழந்த பையன், 1350 வாக்கில் போப்பாண்டவர் இருந்த அவின்யோனுக்குப் போனான். கூலிப்படைகள் சுற்றித் திரிந்த ஊர். ஆயுதமும் கவசமும் விற்றான், வாங்க வந்தவர் எந்தப் பக்கம் என்று பார்க்காமல். சமாதானம் ஆகிவிட்டால் வீரர்கள் கவசத்தை விற்பார்கள், அப்போது வாங்கிப் போடு என்று தன் ஆளுக்கு எழுதியிருக்கிறார். அப்புறம் கம்பளி, துணி, மாற்றுச்சீட்டு (ஓர் ஊரில் பணம் கட்டி இன்னோர் ஊரில் வாங்கிக்கொள்ளும் சீட்டு) என்று பல ஊர்களில் கிளை.

அவருடைய கணக்குப் புத்தகங்களின் தலைப்பில் “கடவுளின் பெயராலும் லாபத்தின் பெயராலும்” என்று இருக்கும். நம் ஊரில் பிள்ளையார் சுழி போட்டுவிட்டு, முதல் மரக்காலை ‘ஒன்று’ என்னாமல் ‘லாபம்’ என்று எண்ணி அளப்பார்களே, அது ஞாபகம் வருகிறது. 1410-இல் இறந்தபோது சட்டப்படியான வாரிசு இல்லாததால் சொத்தை ஊர் ஏழைகளுக்கு எழுதி வைத்தார். காகிதம் எதையும் எறியக் கூடாது என்பது அவர் குணம். 1870-இல் ப்ராத்தோவில் அந்த வீட்டு மாடிப்படிக்கு அடியிலிருந்து சாக்குச் சாக்காக எடுத்தார்கள்: ஏறக்குறைய ஒன்றரை லட்சம் கடிதங்கள், 500-க்கும் மேற்பட்ட கணக்குப் புத்தகங்கள். சிலவற்றை எலி கடித்திருந்தது.